உறைந்த ஆற்றின் மேல் இரு சக்கரங்கள்

(மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துருவப் பிரதேசத்தில் சைக்கிளில் நெடும்பயணம் போனவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதுமே உங்கள் மனத்தில் ஒரு படம் வந்திருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. நடுவே தடித்த டயர் போட்ட ஒரு வண்டி, அதன்மேல் மூக்கு நுனிகூடத் தெரியாமல் போர்த்திக்கொண்ட ஒரு மனிதர். சைக்கிள் கம்பெனி விளம்பரங்களில் நாம் பார்ப்பது இதைத்தான். மனிதன் தனி, நிலம் வெறுமை.

அந்தப் படத்தில் மனிதரை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு தடம் இருக்கும். இரண்டு மூன்று அடி அகலத்துக்கு அழுந்தி இறுகிய தடம். அது இல்லையென்றால் அவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு பனியில் நின்றிருப்பார். விளம்பரத்துக்குப் படம் எடுக்கவும் யாரும் அங்கே போயிருக்க மாட்டார்கள். அந்தத் தடத்தை அவர் போடவில்லை. அப்படியானால் யார் போட்டது? துருவப் பயணக் கதைகளில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சைக்கிள்காரரின் வீரத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. வீரம் எங்கே தொடங்குகிறது, அதற்கு முன் யாருடைய உழைப்பு இருந்தது என்று பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

கதையை 1900-இல் தொடங்குகிறேன். இந்த விளையாட்டு நேற்று வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. காற்றடைத்த டயரை டன்லப் செய்து பார்த்தது 1888-இல். பன்னிரண்டே ஆண்டுகளில் அந்த டயர் ஆர்க்டிக் வட்டத்தருகே யூக்கான் ஆற்றின் மேல் உருண்டுகொண்டிருந்தது.

1896-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் டாசன் நகரத்தில் வந்து குவிந்தார்கள். வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது சேறும் கடனும்தான், நல்ல இடங்களை முதலில் வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். 1898 இலையுதிர் காலத்தில் அலாஸ்காவின் மேற்குக் கரையில், நோம் என்ற இடத்தில் தங்கம் அகப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய சேதி வந்தது: நோமில் கடற்கரை மணலிலேயே தங்கம் இருக்கிறதாம். சுரங்கம் தோண்ட வேண்டாம், மணலைச் சலித்தால் போதுமாம். டாசனில் காத்திருந்தவர்கள் நிலைகொள்ளாமல் தவித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டாசனிலிருந்து நோம் 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது. சாலை கிடையாது. கோடை வரும்வரை காத்திருந்தால் நீராவிக் கப்பலில் போகலாம், ஆனால் அதற்குள் தெற்கே சியாட்டிலிலிருந்து புறப்படும் கூட்டம் போய்ச் சேர்ந்துவிடும். முந்த வேண்டுமானால் குளிர்காலத்திலேயே, உறைந்த யூக்கான் மேல் போக வேண்டும். வசதி உள்ளவர்கள் நாய் வண்டி கட்டினார்கள். வசதி இல்லாதவர்கள் நடந்தார்கள். சிலர் சைக்கிளில் ஏறினார்கள்.

சைக்கிள் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாய் வண்டிக்குப் பல நாய்கள் வேண்டும். நாய்களுக்குத் தினமும் தீனி வேண்டும், அதாவது காய்ந்த சால்மன் மீன். மீனைக் கூடவே ஏற்றிக்கொண்டால் பாரம். வழியில் வாங்கினால் செலவு. மாலையில் எஜமானன் களைத்து விழும்போதும் முதலில் நாய்க்குத்தான் சோறு வைக்க வேண்டும். சைக்கிள் எதையும் தின்னாது. சாவடிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

எட் ஜெசன் என்பவர் டாசனில் 150 டாலர் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினார். அந்தக் காலத்துக்கு அது பெரும் பணம். சில நாள் ஓட்டிப் பழகிவிட்டு 1900 பிப்ரவரி 22 அன்று புறப்பட்டார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் பிற்காலத்தில் அச்சாயின. குளிர் பாரன்ஹீட்டில் மைனஸ் 48-க்கு, அதாவது செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 44-க்கு இறங்கிய ஒரு நாளைப் பற்றி அதில் சொல்கிறார். ரப்பர் டயர் கல்லாகிவிட்டது. பேரிங்கில் எண்ணெய் உறைந்துவிட்டது, சக்கரம் சுற்ற மறுக்கிறது. மூக்கு மரத்துப் போகிறது, தேய்த்துச் சூடாக்க வேண்டும். ஆனால் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவருக்கு ஒற்றைக் கையில் ஓட்ட இன்னும் வரவில்லை. நான் படித்த சாகசக் குறிப்புகளில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை. மலையைப் பற்றியோ வானத்தைப் பற்றியோ அவர் கவலைப்படவில்லை, மூக்கைப் பற்றித்தான் கவலைப்பட்டார். வழியில் பார்த்த பூர்வகுடி மக்களுக்கு இவர் பெரிய வேடிக்கையாக இருந்திருக்கிறார். வெள்ளைக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே வெகு வேகமாக நடக்கிறான் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறார். சைக்கிளை இதைவிடச் சரியாக வருணிக்க முடியுமா?

ஜெசன் மார்ச் 29-இல் நோம் சேர்ந்தார். ஐந்து வாரம்.

இரண்டாமவர் மாக்ஸ் ஹிர்ஷ்பர்க் என்ற இளைஞர். இவருக்குத் தொடக்கமே சரியில்லை. தங்கியிருந்த விடுதி தீப்பிடித்தது, அந்த அமளியில் துருப்பிடித்த ஆணி காலில் ஏறி, புண் ரத்தத்தில் விஷமேறும் அளவுக்குப் போனது. படுக்கையிலிருந்து எழுந்து பார்த்தால் காலம் கடந்துவிட்டது. பனி உருகத் தொடங்கும் முன் போய்ச் சேர வேண்டுமே என்றுதான் சைக்கிளை நாடினார். மார்ச் 2 அன்று கிளம்பினார். நோம் சேர்ந்தது மே 19.

ஜெசனுக்கும் இவருக்கும் புறப்பாட்டில் எட்டு நாள்தான் வித்தியாசம். போய்ச் சேர்ந்ததில் ஏழு வாரத்துக்கும் மேல். ஆள் வேறு, உடம்பு வேறு, அதிர்ஷ்டமும் வேறு. எல்லாவற்றையும் பருவத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் தடம் என்ன ஆகிறது என்பதை ஹிர்ஷ்பர்கின் கதையில்தான் பார்க்க முடிகிறது. பகலில் பனி கூழாகிறது. பனிக்கட்டியின் மேல் தண்ணீர் ஓடுகிறது. வெயில் வெள்ளையில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கிறது. ஷக்டூலிக் ஆற்றைக் கடக்கும்போது ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தார். உயிர் தப்பியது, 1,500 டாலர் மதிப்புள்ள தங்கத்தூள் பை ஆற்றோடு போனது. தங்கம் தேடிப் போகிற வழியில் கையிலிருந்த தங்கத்தை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை மட்டும் கரையேற்றினார்!

கடைசிக் கட்டத்தில் செயின் அறுந்தது. நோம் இன்னும் தூரம். மாற்றுச் செயின் எங்கே கிடைக்கும்? பின்னால் இருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. கம்பளிக் கோட்டைக் கழற்றி, ஒரு குச்சியில் விரித்து, பாய்மரமாக்கினார். பெடல் மிதிக்காமலே கடல் ஐஸின்மேல் காற்று தள்ளிக்கொண்டு போய் ஊர் சேர்த்தது. அலாஸ்கா சைக்கிள்காரர்கள் இன்றும் இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். இந்த இருவர் போன வழி என்ன? டாசனிலிருந்து ஈகிள், அங்கிருந்து சர்க்கிள், ஃபோர்ட் யூக்கான், பிறகு மேற்கே திரும்பி நுலாட்டோ, கால்டாக் வரை ஆறு. சர்க்கிள் என்ற ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே இருக்கிறது என்று நினைத்துச் சுரங்கக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள்; உண்மையில் வட்டம் அங்கிருந்து 80 கிலோமீட்டர் வடக்கே கிடக்கிறது. ஆறு ஃபோர்ட் யூக்கானில்தான் வட்டத்தைத் தாண்டுகிறது, அதுவும் சில மைல்கள்தான். உடனே தென்மேற்கே வளைந்துவிடுகிறது. கால்டாக்கில் ஆற்றை விட்டுவிட்டு, ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தரைவழியாக உனலக்லீட் என்ற கடலோர ஊருக்குப் போக வேண்டும். பிறகு நார்ட்டன் விரிகுடாவின் ஓரமாகக் கடல் ஐஸின் மேல் நோம் வரை.

அந்தக் கால்டாக் தரைவழியைத் தங்கம் தேடி வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. உள்நாட்டில் கோயுக்கான் மக்கள், கடலோரத்தில் இனுபியாட், யூப்பிக் மக்கள். உள்நாட்டாரிடம் ரோமத்தோல், கடலோரத்தாரிடம் சீல் எண்ணெய். இந்தப் பண்டமாற்று நெடுங்காலமாக நடந்த வழி அது. ஆற்றின் மேலிருந்த தடமும் அப்படித்தான். குவிச்சின் வேட்டைக்காரர்கள், தபால் சுமந்த நாய் வண்டிகள், அதற்குப் பின் டாசனிலிருந்து கிளம்பிய தங்க வேட்டைக்கூட்டம். ஒரு நாள் பயணத் தூரத்துக்கு ஒன்று என்று மரக்கட்டை அடுக்கிக் கட்டிய வழிச்சாவடிகள் இருந்தன. நாய்களும் மனிதர்களும் வாரக்கணக்கில் மிதித்து இறுக்கிய, ஓரிரண்டடி அகலமுள்ள ஒரு பட்டைதான் சைக்கிள்காரர்களுக்குச் சாலை. அதைவிட்டு அரையடி விலகினால் முன்சக்கரம் புதைந்து ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் கதை வெறும் வேடிக்கையாகிவிடும். அதே 1900-ஆம் ஆண்டு கோடையில், மேற்கு அலாஸ்காவில் தட்டம்மையும் இன்ஃப்ளுயன்சாவும் பரவின. தங்கக் கூட்டத்தை ஏற்றிவந்த கப்பல்களோடு வந்த நோய் அது. பூர்வகுடி ஊர்கள் பலவற்றில் ஏராளமானோர் மடிந்தார்கள், சில ஊர்கள் அடியோடு கைவிடப்பட்டன. பிறகு வந்தவர்கள் அந்தக் கரையைப் பார்த்து ஆளில்லாத நிலம் என்று எழுதியபோது, ஆள் ஏன் இல்லை என்று கேட்டவர்கள் குறைவு.

இப்போது கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், டயர் அளவுக்குத்தான்.

பனியில் சைக்கிள் ஏன் புதைகிறது? சென்னையில் இருப்பவர்கள் மெரினா மணலில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள், அதே அவதிதான். கடுங்குளிரில் விழுந்த புதுப்பனி ஒன்றோடொன்று ஒட்டாது. மைனஸ் 30-இல் அது வழுக்கவும் வழுக்காது, ஏனென்றால் வழுக்குவதற்கு வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் அங்கே உண்டாவதில்லை. ஆனால் பனிக்கு மணலுக்கில்லாத ஒரு குணம் உண்டு. அதை மிதித்துக் கலைத்துவிட்டுச் சில மணி நேரம் சும்மா விட்டால், துகள்கள் தொடும் இடங்களில் சின்னச் சின்னப் பாலங்கள் போட்டுக்கொண்டு இறுகிவிடும். மாலையில் ஒரு வண்டி போன தடம், இரவெல்லாம் குளிரில் கிடந்தால் காலையில் சிமெண்ட் போல இருக்கும். அதே தடத்தில் மாலையிலேயே சைக்கிள் விட்டால் மாவில் விட்டது மாதிரிதான். ஆகவே அங்கே அனுபவஸ்தர்கள் கேட்கும் முதல் கேள்வி, தடம் எங்கே என்பதல்ல. கடைசியாக யார், எப்போது போனார்கள் என்பதுதான்.

அடுத்தது டயர். டயருக்குள் என்ன அழுத்தமோ, கிட்டத்தட்ட அதே அழுத்தத்தைத்தான் டயர் தரையின் மேல் செலுத்தும். நம் ஊர் வண்டியில் 50, 60 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். அதை 5-க்குக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு பத்து மடங்கு ஆக வேண்டும். சாதாரண டயரில் அப்படிச் செய்தால் ரிம் தரையில் இடிக்கும். டயரே தடித்திருக்க வேண்டும், அதற்கேற்ற அகல ரிம்மும் வேண்டும். 1980-களில் அலாஸ்காக்காரர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துப் பற்றவைத்து ஓட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஃபேர்பேங்க்ஸ் நகரத்து சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகலத்தில் ‘ஸ்னோகேட்’ என்ற ரிம்மைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் வெகு தூரம் தெற்கே நியூ மெக்சிகோவில் ரே மொலினா என்பவர், மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக 80 மில்லிமீட்டர் ரிம்மும் மூன்றரை அங்குல டயரும் செய்துகொண்டிருந்தார். மணல்காரரின் டயர் பனிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2005-இல் சர்லி நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்ற வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, தடித்த டயர் கடையில் வாங்கும் பொருளாயிற்று. இன்று ஃபேட்பைக் என்று நம் ஊர்க் கடைகளிலும் நிற்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒட்டுவேலைக்காரர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன், சைக்கிள் பிரியர்களுக்குப் பிடிக்கும். 20 டிகிரி வெப்பமுள்ள அறைக்குள் டயரில் 6 பி.எஸ்.ஐ. காற்றடிக்கிறீர்கள். வண்டியை மைனஸ் 30-க்கு வெளியே கொண்டுவருகிறீர்கள். உள்ளே எவ்வளவு இருக்கும்? வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்தால் மொத்தம் 20.7. குளிரில் அது ஆறில் ஒரு பங்கு குறைந்து 17 சொச்சம் ஆகிறது. வளிமண்டலத்தைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டரை. பாதிக்கு மேல் காணோம்! பஞ்சர் என்று நினைத்து ட்யூபைக் கழற்றி, விரல் மரத்துப்போன புதியவர்கள் உண்டு. அதனால் வெளியே குளிரில் வைத்துத்தான் காற்றைச் சரிபார்க்க வேண்டும், அதுவும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து.

பேரிங் கதை 1900-இல் இருந்தது போலவே இருக்கிறது. பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் பற்கள் சாதாரண கிரீஸில் குளிர்நாளில் ஒட்டிக்கொண்டு எழுந்திராது. பெடலை மிதித்தால் முன்னுக்கும் சுற்றும், பின்னுக்கும் சுற்றும், வண்டி மட்டும் நகராது. பயணத்துக்கு முன்பே ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைக் கழுவிவிட்டு, கடுங்குளிருக்கென்று வரும் இலகுவான எண்ணெயைப் போடுவார்கள். ஹைட்ராலிக் பிரேக்கை நம்பாமல் கேபிள் பிரேக் போடுபவர்கள் அதிகம். கேபிள் பிரேக்கில் என்ன கோளாறானாலும் கண்ணுக்குத் தெரியும். ஹேண்டில்பாரின் இரு முனையிலும் பெரிய பைபோன்ற உறைகளை மாட்டி, அதற்குள் கையை விட்டு ஓட்டுவார்கள். ஜெசனுக்கு அது கிடைத்திருந்தால் மூக்கைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருப்பார்.

உடம்பைப் பொறுத்தவரை பெரிய எதிரி குளிர் அல்ல, வியர்வை. கேட்டால் நம்ப மாட்டீர்கள். மைனஸ் 30-இல் வேகமாக மிதித்தால் சட்டை நனையும். நின்றவுடன் ஈரம் உறையும். அப்புறம் எத்தனை கோட்டு போட்டாலும் உதவாது. அதனால் தேர்ந்தவர்கள் மேட்டுக்கு முன்பே நின்று ஒரு சட்டையைக் கழற்றிவிட்டு, நடுங்கிக்கொண்டே ஏறத் தொடங்குவார்கள். தண்ணீர்ப் பையைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டில் வெண்ணெயும் கொட்டைகளும் அதிகம், குளிரில் கல்லாகாத தின்பண்டம் எதுவோ அது.

இவை எல்லாவற்றையும்விட அவர்கள் அஞ்சுவது ‘ஓவர்ஃப்ளோ’. ஆற்று ஐஸ் அடிவரை உறைந்து தடுப்பதால், கீழே நெருக்கப்பட்ட தண்ணீர் வெடிப்பு வழியாக மேலே வந்து பரவும். அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடியிருக்கும். பார்த்தால் நல்ல தடம், கால் வைத்தால் முழங்கால் தண்ணீர். மைனஸ் 30-இல் பூட்ஸ் நனைந்தால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டாம். பூட்ஸின் மேல் போட்டுக்கொள்ள நீர்புகா உறைகளை மடித்து வண்டியிலேயே வைத்திருப்பார்கள். காட்டுமானைவிடப் பெரிய மூஸ் என்ற விலங்கும் உண்டு. ஆழப்பனியில் நடப்பது அதற்கும் சிரமம், அதனால் மனிதன் இறுக்கிய தடத்திலேயே வந்து நிற்கும். சைக்கிள் மணிக்கெல்லாம் வழிவிடாது.

தங்கக் காய்ச்சல் தணிந்ததும் சைக்கிள் கதை அறுபது எழுபது ஆண்டு தூங்கியது. தடங்களும் தூங்கின. தெற்கே சீவர்ட் துறைமுகத்திலிருந்து நோம் வரை அரசாங்கம் 1910-11 குளிர்காலத்தில் வெட்டிவிட்ட இடிட்டராட் தடம், விமானத் தபால் வந்ததும் புதர் மண்டியது. நாய்களும் ஊர்களிலிருந்து மறைந்துகொண்டிருந்தன, ஸ்னோமொபைல் வந்துவிட்டது. 1973-இல் ஜோ ரெடிங்டன் என்பவர் நோம் வரை நாய் வண்டிப் பந்தயம் தொடங்கினார். அதற்காகத் தடம் மறுபடி திறக்கப்பட்டது. தடம் திறந்ததும் சைக்கிள் தானாக வந்து சேர்ந்தது. 1987-இல் 200 மைல் சைக்கிள் பந்தயம், பிறகு நீண்டு நீண்டு, இப்போது பிப்ரவரிக் கடைசியில் இடிட்டராட் டிரெயில் இன்விடேஷனல் என்ற பெயரில் மெக்ராத் என்ற ஊர் வரை 350 மைலும், நோம் வரை 1,000 மைலும் நடக்கிறது. சைக்கிளிலும் போகலாம், நடந்தும் போகலாம், பனிச்சறுக்கிலும் போகலாம். வழிகாட்டிப் பலகை வைக்க மாட்டார்கள், பின்னால் ஜீப் வராது.

2014-இல் ஜெஃப் ஓட்லி நோமை 10 நாள் 2 மணி 53 நிமிடத்தில் அடைந்தார். அதே ஆண்டு நாய் வண்டிப் பந்தயத்தில் முதலில் வந்தவருக்கு எட்டரை நாள் ஆனது. ஒன்றரை நாள்தான் வித்தியாசம். அந்த ஆண்டு பனி மிகக் குறைவு. ஐஸும் வெறும் தரையுமாகக் கிடந்தது. நாய் வண்டிக்காரர்கள் மலைச்சரிவுகளில் கவிழ்ந்து எலும்பை உடைத்துக்கொண்டார்கள். சைக்கிளுக்கோ அதுவே பொன்னான தரை. பனி கொட்டும் ஆண்டுகளில் இதே 1,000 மைலுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும், அதில் பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு. கால்கள் ஒன்றேயானாலும் தடம் வேறு என்றால் காலம் இரண்டு மூன்று மடங்கு. நான் சாதனைப் பட்டியல்களை அவ்வளவாக மதிக்காததற்கு இதுதான் காரணம். இந்தப் பட்டியலில் பாதி, அந்தந்த ஆண்டின் வானிலை அறிக்கை.

மீதிப் பாதியில் இன்னும் பலருக்குப் பங்குண்டு. பிப்ரவரியில் ‘அயர்ன் டாக்’ என்ற ஸ்னோமொபைல் பந்தயக்காரர்கள் இதே வழியில் போய்ப் பனியை அழுத்திவிட்டிருப்பார்கள். நாய்ப் பந்தயத்துக்கென்று தடம் போடும் குழு வரும். அதைவிட முக்கியம், ஊர்க்காரர்கள். கால்டாக்கிலிருந்து உனலக்லீட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர், விறகு கொண்டுவருகிறவர், கூடைப்பந்துப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். பந்தயக்காரர்கள் தங்களுக்கான சாப்பாட்டுப் பெட்டியை ஊர்த் தபால் நிலையங்களுக்கு முன்பே அனுப்பிவைக்கிறார்கள். பள்ளிக்கூடத் தரையில் படுத்து உறங்குகிறார்கள். இதற்கெல்லாம் பிறகு ஒருவர் ‘மனித வாடையே இல்லாத காட்டில் தனியே போனேன்’ என்று எழுதும்போது, அந்தத் தபால் நிலைய ஊழியர் என்ன நினைப்பார் என்று யோசிப்பேன்.

சரி, தடமே இல்லாமல் போனவர்கள் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அது கோடைக் கதை. கோடையில் ஆர்க்டிக் நிலம் குளிர்காலத்தைவிடக் கடினம். சில அடிக்குக் கீழே மண் ஆண்டு முழுதும் உறைந்தே கிடப்பதால், மேலே உருகிய தண்ணீர் வடிய வழியில்லை. மேற்பரப்பு முழுக்க ஊறிய பஞ்சு. அதன்மேல் கோரைத் திட்டுகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், கால் வைத்தால் சாயும். கொசுக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தலைவர் மணியடிப்பார். இந்த நிலத்தில் 1996-இல் ரோமன் டயல் என்ற சூழலியலாளரும் இரு நண்பர்களும் அலாஸ்கா மலைத்தொடரின் நீளவாக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் போனார்கள். அந்த மலைத்தொடர் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருந்தாலும் மேட்டுநிலம் எல்லாம் டன்ட்ராதான். அந்தப் பயணம் மறு ஆண்டு நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தது. ஆறுகளைக் கடக்க மடித்து எடுத்துப்போகும் சின்ன ரப்பர் படகு, அதன்மேல் சைக்கிளைப் படுக்கவைத்துத் துடுப்புப் போட்டார்கள்.

சாலையும் இல்லை, நாய்த் தடமும் இல்லை. பிறகு எதன் மேல் ஓட்டினார்கள்? ஆற்றோரக் கூழாங்கல் திட்டுகள், பனியாற்றின் முதுகு, பிறகு காரிபு மான்களும் மலையாடுகளும் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகள். விலங்குகள் சதுப்பைத் தவிர்க்கும், ஏற்றத்தைச் சுற்றிப் போகும், ஆழமில்லாத துறையில் ஆற்றைக் கடக்கும். அந்தப் பாதைகளைப் படிக்கத் தெரிந்ததுதான் டயலின் பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன். கால் பலம் பலருக்கும் உண்டு.

கிரீன்லாந்திலும் இதே கதைதான். காங்கர்லுசுவாக்கிலிருந்து சிசிமியுட் வரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று இருக்கிறது. அதிலும் சைக்கிளோடு போகிறார்கள், ஓட்டியது பாதி, சுமந்தது பாதி. அந்தப் பகுதி 2018-இல் யுனெஸ்கோ உலக மரபிடம் ஆனது. இயற்கை அழகுக்காக அல்ல. கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு, காரிபு வேட்டைக்கு இனுயிட் குடும்பங்கள் கோடைதோறும் நடந்துபோன நாலாயிரம் ஆண்டுச் சுவடுகளுக்காக.

கடைசியாக ஒரு செய்தி, இது சைக்கிளைத் தாண்டியது. ஷக்டூலிக் ஊரிலிருந்து கோயுக் என்ற ஊருக்கு 80 கிலோமீட்டர். வழக்கமான வழி நார்ட்டன் விரிகுடாவின் ஐஸ் மேல் நேராகப் போகும். 2018-லும் 2019-லும் பெரிங் கடலில் குளிர்கால ஐஸ், பதிவேடுகளில் இல்லாத அளவுக்குச் சுருங்கியது. ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் அலை அடித்தது. தடத்தைக் கரைப்பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. நாய்ப் பந்தயமே பனி போதாமல் 2015-இலும் 2017-இலும் புறப்படும் இடத்தை வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றிக்கொண்டது. சைக்கிள்காரருக்கு இது ஒரு நாள் சுற்று வழி. கோயுக்கில் இருப்பவருக்கோ அது சீல் வேட்டைக்குப் போகும் வழி, பக்கத்து ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போகும் வழி. எந்த ஐஸை நம்பலாம் என்று அப்பா சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் மகனுக்கு உதவாத நிலை வந்துகொண்டிருக்கிறது.

இங்கிருந்து அப்படி ஒரு பயணம் போக ஆசைப்படும் இளைஞர்கள் ஓரிருவர் முன்வரிசையில் இருப்பதாக நிகழ்ச்சி அமைப்பாளர் சொன்னார். தம்பிகளே, ஆயிரம் மைலில் தொடங்காதீர்கள். அந்தப் பந்தயக்காரர்களும் உங்களை நேராக அதில் சேர்க்க மாட்டார்கள், சிறிய தூரங்களை முடித்த அனுபவத்தைக் கேட்பார்கள். வண்டியைப் பற்றி என்னிடம் கேளுங்கள், ஹப்பைப் பிரிப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன். தடத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், எந்த ஜி.பி.எஸ். கருவியிடமும் கேட்க வேண்டாம். ஷக்டூலிக்கில் இறங்கி, நேற்று கோயுக்கிலிருந்து யாராவது வந்தார்களா என்று ஊரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரமாகிவிட்டது. கேள்விகளுக்கு வருவோம்.